விக்கா என்றால் சாத்தான் வழிபாடா?

"விக்கா என்பது சாத்தானைக் கும்பிடுவதா? என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கையில் வருபவன். விக்கா என்ற மதத்தில் அவனுக்கு இடமே கிடையாது. பெரும்பாலோர் வணங்குவது ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புள்ள ஆண் தெய்வத்தையும். அந்தக் கொம்புதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

பழமையான மதம் போலத் தோன்றினாலும், இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது 1950களில்தான், சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகு. (இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர்!)

வழிபாட்டில் சடங்குக் கத்தியால் ஒரு வட்டம் வகுத்து, நான்கு திசைகளையும் அழைப்பார்கள். முழுநிலவு நாட்கள் முக்கியம். அப்புறம் ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள். அக்டோபர் 31 இறந்தவர்களை நினைக்கும் நாள். மந்திரமும் உண்டு, ஆனால் யாருக்கும் தீங்கு வராதவரை விரும்பியதைச் செய்யலாம் என்பதே நெறி. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புகிறார்கள்.