பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்கும் பெண்கள்: கேள்வி பதில்

அமெரிக்க பிரைமரி தேர்தல்களில், அதாவது ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்களில், சொந்தக் கட்சியின் பெரும்புள்ளியையே எதிர்த்து நின்ற பெண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி: பணபலம் இல்லாமல் ஜெயிக்க முடியுமா?

வாக்குப்பதிவு குறைவாக இருந்தால் முடியும். 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கான நியூயார்க்கின் 14-ஆவது தொகுதியில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தது, பத்து முறை ஜெயித்த ஜோ கிரௌலியை. சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதி. ஒகாசியோ-கோர்டெஸ் வாங்கிய வாக்கு 17,000-க்கும் குறைவு. அதிலேயே ஏறக்குறைய 4,000 வித்தியாசம்! கிரௌலிக்கு 2004-க்குப் பிறகு பிரைமரியில் போட்டியே இல்லை. கட்சி இயந்திரம் துருப்பிடித்துக் கிடக்காமல் என்ன செய்யும்?

கேள்வி: முதல் வேலை எது?

கையெழுத்து. நியூயார்க்கில் வாக்குச்சீட்டில் பெயர் வரவே, அந்தத் தொகுதியில் உங்கள் கட்சியில் பதிந்த 1,250 வாக்காளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். 1,260 சேர்ந்ததும் கால் நீட்டி உட்கார்ந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தாள் தாளாகப் புரட்டுவார். இவர் முகவரி தொகுதிக்கு வெளியே, இவர் வேறு கட்சி, இவர் ஏற்கெனவே இன்னொருவருக்குப் போட்டுவிட்டார் என்று அடித்துக்கொண்டே போவார். மூன்று மடங்காவது வாங்குங்கள்.

கேள்வி: ஒகாசியோ-கோர்டெஸை ஜெயிக்கவைத்தது இணையத்தில் பரவிய அவருடைய பிரச்சார வீடியோதானே?

வீடியோ வந்தது மே மாதக் கடைசியில். தேர்தல் ஜூன் 26. கையெழுத்து வேட்டை அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

அதே நபர்: வீடியோ இல்லாவிட்டால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்?

பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அங்கே வாக்கு? அன்றைய நியூயார்க் விதிப்படி, வேறு கட்சியில் பதிந்தவர் முந்தைய அக்டோபருக்குள் மாறியிருந்தால்தான் ஜூனில் வாக்களிக்க முடியும். மே மாதம் மனம் மாறியவர் கைதட்டலாம், அவ்வளவுதான்.

இன்னொருவர்: தொண்டர்கள் வந்தார்களே!

வந்தார்கள், மறுக்கவில்லை. வந்தவர் கையில் கொடுக்க, எந்தக் கதவைத் தட்டுவது என்ற பட்டியல் வேண்டுமே. அது வீடியோவில் வராது. சரி, இதை இத்தோடு விடுவோம்.

கேள்வி: ஒருமுறை தோற்றால் கதை முடிந்ததா?

செயின்ட் லூயிஸில் கோரி புஷ் 2018-இல் பதவியில் இருந்த லேசி கிளேயிடம் தோற்று, 2020-இல் அவரையே வென்றார். கிளே குடும்பம் தந்தையும் மகனுமாக 1969 முதல் வைத்திருந்த இடம் அது. 2024 பிரைமரியில் புஷ்ஷே தோற்றார். டெக்சஸில் ஜெசிகா சிஸ்னெரோஸ் 2022-இல் கோட்டைவிட்டது வெறும் 289 வாக்கில்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறதே, எப்படிப் பிரச்சாரம் செய்வது?

2018 மே மாதம் லியூபா கிரெச்சன் ஷர்லி என்ற வேட்பாளர் கேட்டதற்கு, பிரச்சாரத்தால் ஏற்படும் குழந்தைப் பராமரிப்புச் செலவைத் தேர்தல் நிதியிலிருந்தே எடுக்கலாம் என்று கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அனுமதித்தது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: மேடையில் என்ன உடை பொருத்தம்?

என் துறை இல்லை.

கேள்வி: காசில்லாமல் ஜெயிக்க வழி உண்டா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 1,250 கையெழுத்து போதும்தானே?

மூன்று மடங்கு! முகவரி முழுதாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அவர் பஸ் ஏறிப் போன பிறகு பிடிக்க முடியாது.