மற்றவர்களைப் படம் எடுத்தே பிழைக்கிறவர் ஒருநாள் மாடலாக நின்றால் எப்படி இருக்கும்?

நின்று பார்த்தவன் சொல்கிறேன். கூச்சமெல்லாம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். எதிரே கமராவோடு நிற்பவர் வாய் திறக்காமல் இருப்பதுதான் பெரிய தொல்லை.

கொழும்பில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். முன்பு என்னோடு லைட் பிடிக்க வந்த தம்பி ஒருவன் இப்போது தனியாகச் செய்கிறான். ஆண்களின் போர்ட்ரெய்ட் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும், ஆள்தான் இல்லை என்றான். "நீங்களே வந்து நில்லுங்கோவன் அண்ணா." எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. வெயில் தாழ, வெள்ளவத்தை மரீன் டிரைவ் பக்கம் போனோம்.

முதலில் சொல் கேளாதவை கைகள். வலது கை தன்பாட்டில் நெஞ்சுக்கு ஏறி, அங்கே இல்லாத கமரா வாரைத் தேடியது. அதை இறக்கினால் இடது கை பொக்கற்றுக்குள் நுழைந்தது. மாப்பிள்ளைமார் ஏன் மோதிரத்தைத் திருகிக்கொண்டே நிற்கிறார்கள் என்று விளங்கியது. பிறகு "இடது பக்கம் திரும்புங்கோ" என்றான். யாருடைய இடது? நான் ஒரு பக்கம் திரும்ப, அவன் மறுபக்கம் கையைக் காட்ட, கடைசியில் கடல் பக்கம், கட்டடப் பக்கம் என்று பேசி முடித்தோம். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

தொழில் தெரிந்தவன் நல்ல மாடல் ஆவான் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரிந்திருப்பதால் முகம் தானாக அந்தப் பக்கம் போகிறது. அவன் 35 மில்லிமீற்றர் லென்ஸோடு மூக்கடிக்கு வந்தபோது, என் மூக்கு எவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது. (குற்றம் லென்ஸில் இல்லை, தூரத்தில். கிட்ட வந்தால் மூக்குப் பெருக்கும், காது பின்னுக்குப் போகும். 85 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும், அதனால் முகம் தப்பும்.) அவன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, லைட்டை நான் பாக்கிறன். நீங்க என்னைப் பாருங்கோ."

இனி அந்த மௌனம். நாலைந்து படம் எடுப்பான். கமராவை இறக்கிப் பின்திரையைப் பார்ப்பான். பெரிதாக்குவான், நெற்றியைச் சுருக்குவான், ஒரு சில்லைத் திருகுவான். ஃபோகஸ் கண்ணில் விழுந்ததா, வானம் வெளுத்துவிட்டதா என்றுதான் பார்க்கிறான். அது எனக்குத் தெரியும், நானும் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன். தெரிந்தும் வயிற்றைப் பிசைந்தது. என் முகத்தில்தான் ஏதோ கோளாறு, பாவம், சொல்லத் தயங்குகிறான் என்றே தோன்றியது. அவன் நிமிர்ந்தபோது நான் ஏற்கெனவே விறைத்துப்போயிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு "நோர்மலா இருங்கோ" என்கிறான்!

இந்தக் கட்டளைக்கு எங்கள் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பெயர்பெற்ற போர்ட்ரெய்ட் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்துவிட்டார். 1877இல் களுத்துறை வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் பிடித்து மாடலாக்கினார். கஷ்மீர்க் கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த, உச்சிவெயில் கண்ணில் அடிக்க நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கச் சொன்னாராம். அப்போது வெப்பமானி காட்டியது 96 பாகை பாரன்ஹீட். செடிகொடிகளை உட்கார்ந்து வரைந்தே பழகிய அம்மணி அதைக் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதிவைத்திருக்கிறார். இரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன் கமராவில் வைத்துப் படம் எடுக்கும் அந்தக் காலத்து ஈரத்தகட்டு முறையில் விநாடிக்கணக்காக அசையாமல் வேறு நிற்க வேண்டும்.

படங்கள் வந்தபோது எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. தலை வகிடு மறுபக்கம், சிரிப்பு கோணல். மனைவியிடம் காட்டினேன். "உங்கட முகம் எப்பவும் இப்பிடித்தானே?" என்றுவிட்டுப் போய்விட்டாள். இதை 1977இல் அமெரிக்காவில் ஆய்வே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆளுக்குத் தன் இடம் வலம் மாறிய கண்ணாடித் தோற்றம் பிடிக்கிறது, நண்பர்களுக்கோ படத்தில் உள்ளபடியான முகம் பிடிக்கிறது. எல்லாம் பார்த்துப் பழகியதன் விளைவு. ஆகவே "என்ன அண்ணா, நான் இப்பிடியா இருக்கிறன்?" என்று ஒரு கலியாணப் பொம்பிளை கேட்டால், உடனே அழிக்க ஓடாமல், படத்தை அவளுடைய தங்கச்சியிடம் காட்டச் சொல்கிறேன்.

திரையைப் பார்க்கும்போது இப்போது வாய் ஓயாது. "வடிவா வந்திருக்கு, வெளிச்சத்தைத்தான் குறைக்கிறன்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே பார்ப்பேன். கைக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவேன்: சேலைத் தலைப்பைச் சரிசெய்ய, சட்டைக் கையை மடிக்க, பூவை எடுத்துக் கொடுக்க.

நீங்களும் ஒருதரம் நின்றுதான் பாருங்கள். படம் எடுக்க உங்களுக்குப் பயப்படாத ஆளாகப் பிடியுங்கள், எடுத்து முடியும்வரை திரையைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். சூரியன் விழுந்த பிறகு கொழும்பில் வெளிச்சம் 20 நிமிடம் தாங்குவதே பெரிது, அதனால் நேரத்தோடு போய்விடுங்கள். காலிமுகத்திடல் மட்டும் முதல் தடவைக்கு வேண்டாம். இறால் வடை சாப்பிட வந்த அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், அதில் இரண்டு பேராவது தெரிந்தவர்களாக இருப்பார்கள்.