வீட்டைவிட்டு வெளியே போகாத நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசியும் பரிசோதனையும் தேவையா?

தேவைதான். வெளியே விடாமல் வளர்த்தால் நோய் அண்டாது என்று நானும் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன். சண்டைக் காயங்களும் விபத்துகளும் அதனால் குறையும் என்பது உண்மையே. ஆனால் நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸும், அதற்கு நெருங்கிய உறவான, பூனைகளைத் தாக்கும் பேன்லூகோபீனியா வைரஸும் உடலுக்கு வெளியே பல மாதங்கள் அழியாமல் இருக்கக்கூடியவை என்பதால், நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

குட்டிக்கு ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். தாயின் சீம்பால் வழியே கிடைக்கும் எதிர்ப்பொருள்கள் குட்டியைக் காக்கும்போதே தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அவை எந்த வாரத்தில் போதிய அளவு குறையும் என்பதோ குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்கி, 16 வாரங்கள் நிறையும்வரை சில வார இடைவெளியில் ஊசி போடப்படுகிறது. கடைசி ஊசியைத் தவறவிட்ட குட்டிக்கு, முன்பு போட்டவற்றில் ஒன்றுகூடப் பலிக்காமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் விலங்கைக் காப்பாற்ற வழியில்லை.

குடற்புழு, உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றுக்கான மருந்துகளை எடை பார்த்து மருத்துவர் சொல்வார். நாய்க்கு வாங்கிய, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தை மட்டும் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை எளிதில் சிதைக்க இயலாது என்பதால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

பரிசோதனையின் அருமையை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். பதினொரு வயதான எங்கள் பூனை திடீரென நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியபோது, நல்ல பழக்கம்தானே என்று மகிழ்ந்த பேதைமை என்னுடையது. சிறுநீரகங்களின் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்த பிறகே சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் போய், இந்தத் தாகம் வெளியே தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். நோயை மறைப்பதில் பூனைக்கு நிகர் பூனைதான். நான்கு கிலோ பூனை நானூறு கிராம் இளைத்தால் அதன் உடலில் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். அடர்ந்த ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, இப்போதுள்ள இரண்டு பூனைகளையும் மாதந்தோறும் நிறுத்துக் குறித்துவைக்கிறேன். மூத்ததற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன.