ஏழு சாமுராய்களோடு இன்னொரு முறை உட்காருங்கள்

'செவன் சாமுராய்' படத்தை இரண்டு முறை தொடங்கி, ஒரு மணி நேரத்திலேயே தூங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. 1954இல் வந்த அந்த ஜப்பானியப் படம் 207 நிமிடம். இயக்குநர் குரோசாவாவே நடுவில் இடைவேளை வைத்திருக்கிறார். அதுவரை ஒரு நாள், மீதி மறுநாள் என்று பாருங்கள். போன வாரம் நான் அப்படித்தான் பார்த்தேன்.

முதல் பாதியில் சண்டையைத் தேடாதீர்கள். கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு விவசாயக் கிராமத்தைக் காக்க, சாமுராய் என்னும் போர்வீரர்கள் ஏழு பேரும் ஒவ்வொருவராக எப்படிச் சேர்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த முகங்கள் மனதில் பதிந்தால்தான் கடைசியில் மழையிலும் சேற்றிலும் நடக்கும் சண்டை வலிக்கும். பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்த காட்சி அது.

அந்த ஏழு பேரில், எனக்கு நடிகர் மிஃபூனே நடித்த கிகுச்சியோதான் உயிர். விவசாயிகளை இப்படி ஆக்கியது யார் என்று அவன் வெடித்துப் பேசும் இடம் வரை வந்துவிடுங்கள், அப்புறம் தூக்கம் வராது.