தடுப்பூசி 'பேக்கேஜ்' கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில் ஒருவர், முதலாண்டுத் தடுப்பூசிகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டி 'பேக்கேஜ்' எடுக்கச் சொல்கிறார். "வெளிநாட்டில் குழந்தைகளை நன்றாகக் கவனிக்கும் டாக்டர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. எங்களுடையதும் அதே மாதிரிதான்" என்கிறார். நம்பலாமா?
- வாசகி, சயான், மும்பை

பதில்: பேக்கேஜ் வேண்டாம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறாவது வாரத் தவணையை உடனே போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக் கதை பொய்யில்லை. பிரிட்டனில் 1990 முதல், தம்மிடம் பதிவான இரண்டு வயதுக் குழந்தைகளில் 70 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி முடிந்தால் குடும்ப மருத்துவருக்கு ஒரு தொகை, 90 சதவீதமானால் பெரிய தொகை என்று கொடுத்தார்கள். கொடுத்தது அரசு, பெற்றோர் ஒரு காசும் கட்டவில்லை. நம் நாட்டில் இதற்கு நெருக்கமாக இருப்பது ஆஷா பணியாளரின் (வீடு வீடாகச் சென்று தாய், சேய் நலம் பார்க்கும் அரசுத் திட்ட சுகாதாரப் பணியாளர்) ஊக்கத்தொகை. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு எல்லா ஊசியும் போட வைத்தால் 100 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நூறு ரூபாய்! அந்த நிலுவைக்கும் அவர்கள் கொடி பிடிக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் பேசியவரின் கணக்கு வேறு. நீங்கள் பணம் கட்டினாலே அவருக்கு வேலை முடிந்தது. குப்பியில் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஆள் பிடித்துத் தருபவருக்குப் பங்கு கொடுப்பதை மும்பையில் 'கட் பிராக்டிஸ்' என்பார்கள். மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002-ம் ஆண்டு மருத்துவ நெறி விதிகளே தடுக்கின்றன. ஆனால் அவை மருத்துவரைக் கட்டுப்படுத்துமே தவிர, மேஜையில் உட்கார்ந்து பேக்கேஜ் விற்பவரை அல்ல. தனிச் சட்டம் கொண்டுவர மகாராஷ்டிரத்தில் 2017-ல் வரைவு தயாரித்தார்கள். வரைவோடு நின்றது.

பிசிஜி, போலியோ, பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான ஊசி), ரோட்டா, நிமோகாக்கல் எல்லாம் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இலவசம். பென்டாவேலன்ட்டுக்குப் பதிலாக 'வலியில்லா ஊசி' என்று ஆசை காட்டுவார்கள். வலியும் காய்ச்சலும் குறைவுதான்; கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பும் சீக்கிரம் குறையும். இந்தப் பாதியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். டைபாய்டு ஊசியும், தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியும் தேசிய இலவசப் பட்டியலில் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் டைபாய்டு ஊசியை ஆறு மாதத்துக்குப் பின்னும், எம்எம்ஆரை ஒன்பதாம் மாதத்திலும் போடச் சொல்கிறது. பக்கத்து நவி மும்பையில் மாநகராட்சியே 2018-ல் டைபாய்டு ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்டது. எனவே உங்கள் மருத்துவர் இவற்றை எழுதினால் கமிஷனுக்காகத்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பணம் கொடுத்துப் போட வேண்டிய ஊசிகளும் உண்டு. அந்தந்தத் தவணைக்கு அன்றன்று கட்டினால் போதும். மொத்தமாகக் கட்டிவிட்டு மருத்துவரையோ ஊரையோ மாற்றினால் மீதிப் பணத்துக்கு அலைய நேரிடும்.

ஊசியின் பெயர், விலை, குப்பியின் பேட்ச் எண் மூன்றும் உள்ள ரசீது கேளுங்கள். தராவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.