மிதிவண்டிப் பாதை ஊருக்கு வருமானம் தருமா?

பொழுதுபோக்குக்கான நடைபாதைக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் அரசு செலவிடும் பணம் திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், ஆனால் பாதையிடமிருந்து நேரடியாக அல்ல, அதன் ஓரத்திலுள்ள கடைகள், விடுதிகள் வழியாக.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரையும் மேரிலாந்தின் கம்பர்லாந்தையும் இணைக்கும் கிரேட் அலிகேனி பாதையைப் பாருங்கள். கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மேல் 1986-இல் ஒரு சிறு துண்டாகத் தொடங்கி 2013-இல் நிறைவுற்ற இது, ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நீளமும் நுழைவுக் கட்டணமே இல்லாத தன்மையும் கொண்டது. ரயிலுக்காக அமைந்த தடம் என்பதால் ஏற்றம் மென்மையாக இருக்கிறது. எனவே பயிற்சி பெறாதவர்களும் துணிந்து வருகிறார்கள். பெரும்பாலானோரால் ஒரே நாளில் முடிக்க இயலாத இந்த நீளமே, என் பார்வையில், அதன் பெரிய பொருளாதார பலம்: காலையில் வந்து மாலையில் திரும்புபவர் ஒரு காபியோடு நின்றுவிட, இரவு தங்குபவர் அறை, உணவு, வண்டிப் பழுது, பொருள் சுமக்கும் வாகனம் எனப் பலருக்கும் பணம் தருகிறார். நிலக்கரியும் எஃகும் தளர்ந்தபின் வாடிய மையர்ஸ்டேல், கன்ஃப்ளூயன்ஸ் போன்ற சிற்றூர்களுக்கு இது பெரிய வரவு. 2019-இல் மட்டும் இப்பாதையின் பொருளாதாரத் தாக்கம் சுமார் 12.1 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

குறையும் உண்டு. பாதை கடந்து செல்லும் பிக் சாவேஜ் என்ற மலைச் சுரங்கவழியைக் குளிர்காலத்தில் மூடிவிடுவதால், இவ்வருமானம் பெரும்பாலும் பருவத்தைச் சார்ந்தது.