பழைய ஏசியைக் கழற்றிப் புதியதை மாட்டலாமா?

கேள்வி: வீட்டில் இருக்கும் 1.5 டன் ஸ்பிளிட் ஏசிக்குப் பன்னிரண்டு வயது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை நானே மாட்ட நினைக்கிறேன். முடியுமா? (வாசகர், செங்கல்பட்டு)

பாதி முடியும். சுவரில் தகடு பொருத்துவது, துளை போடுவது, வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட் அடிப்பது எல்லாம் கைவேலை தெரிந்தவர்கள் செய்யக்கூடியவையே. துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும்; இல்லையென்றால் வடிநீர் சுவரில்தான் இறங்கும்.

மீதிப் பாதி கேஸ் சம்பந்தப்பட்டது. கழற்றும் முன் கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் சேர்க்க வேண்டும். ஏசியைக் குளிர் நிலையில் ஓடவிட்டு, சிறிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடி, ஒரு நிமிடம் போல் கழித்துப் பெரிய குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்துவார்கள். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாயில் கசிவு இருந்தாலோ, நட்டைத் தளர்த்தியபடி ஓடவிட்டாலோ காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எண்ணெயோடு சேர்ந்து அழுத்தப்படும்போது கம்ப்ரஸரே வெடிக்கக்கூடும். இந்த ஒரு வேலைக்குத் தயவுசெய்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சுவருக்குள் பதித்த பழைய செம்புக் குழாயையே புதிய ஏசிக்கும் வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் பழைய ஏசியில் ஆர்-22 என்ற கேஸ் இருந்திருக்கும், புதியதில் ஆர்-32 என்ற கேஸ். இதன் அழுத்தம் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். எண்ணெயும் வேறு வகை. பழைய எண்ணெய் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும். குழாயின் அளவும் கனமும் புதிய ஏசியின் கையேட்டோடு பொருந்தி, உட்புறத்தை முறையாகக் கழுவி, நைட்ரஜன் அடைத்துக் கசிவு இல்லை என்று சோதித்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், புதுக் குழாய்.

கேள்வி: மாட்ட வந்தவர் வால்வைச் சற்றே திறந்து "புஸ்" என்று காற்றை வெளியேற்றினார். குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் கொண்டுவரவில்லை. அது போதுமா? (வாசகி, நாகர்கோவில்)

போதாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டாவது கோடையில் ஒரு வீட்டின் கம்ப்ரஸர் நின்றுபோனது. பிரித்தபோது எண்ணெய் கறுத்து, மூக்கைத் துளைக்கும் புளித்த நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. குழாயில் தங்கிய ஈரம் இன்றைய ஏசி எண்ணெயோடு சேர்ந்தால் அமிலம் உண்டாகி, மோட்டார் சுருளை அரித்துவிடும்.

பம்ப் போட்டுக் குழாய்க்குள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறக்க வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. அந்நிலையில் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். பிறகு பம்பை மூடிப் பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். எண் விடாமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது ஈரம் இன்னும் இருக்கிறது. இன்னொன்று: ஆர்-32 தீப்பற்றக்கூடியது. அதை அறைக்குள் திறந்துவிடுவது ஆபத்து.

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். சூடும் குளிரும் தரும் ஏசியைக் குளிர்காலத்தில் கழற்றலாமா?

கழற்றலாம், ஆனால் கேஸைச் சேர்க்கும்போது சூட்டு நிலையில் ஓடக் கூடாது. அதில் கேஸ் எதிர்த்திசையில் ஓடும். அறை 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் ரிமோட்டில் குளிர் நிலை வைத்தாலும் கம்ப்ரஸர் எழாது. பல மாடல்களில் உள் யூனிட்டின் மூடியைத் தூக்கினால் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் கட்டாயக் குளிர் நிலைக்குப் போகும். கையேட்டைப் பார்த்து, வரும் மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய ஏசியை இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?

வேண்டாம். செம்புக்காகக் குழாயை வெட்டினால் கேஸ் முழுவதும் வானத்துக்குப் போகும். ஒரு கிலோ ஆர்-22 புவியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்; ஓசோனையும் அரிக்கும். மின்னணுக் கழிவு விதிகளின்படி ஏசியும் மின்கழிவுதான். புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம், வால்வுகள் இரண்டையும் மூடிய நிலையில் கொடுங்கள்.